லோடோடு போகும்போது இல்லை, காலியாக வரும்போது உதறுகிறது

கேள்வி: அண்ணா, என்னிடம் 2008 மாடல் டாடா 207 இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். ஆறேழு மாதமாக 55-ஐத் தாண்டினால் வண்டி உதறுகிறது. 65-இல் சீட்டுக்கு அடியில் புர்ர் என்று இருக்கிறது, சைடு கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிகிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இல்லை. நியூட்ரலில் உருட்டிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. வீல் பேலன்ஸ் செய்தேன். கிளட்ச் பிளேட் மாற்றினேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டில், மடங்கிச் சுற்றும் மூட்டான மூன்று கிராஸும், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சி.ஜே. (சென்டர் ஜாயிண்ட்) பேரிங்கும் புதிது போட்டேன். பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இதுவரை 16,000 ரூபாய் ஆகிவிட்டது. இப்போது லேத்காரர் ஷாஃப்ட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, இல்லை வண்டியைக் கொடுத்துவிடலாமா? இன்னொன்று, போகும்போது தெரிவதில்லை, திரும்பி வரும்போதுதான் தெரிகிறது. போன தக்காளி சீசனுக்குப் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை ஏற்றியிருக்கிறேன். மற்றபடி வண்டியில் கை வைக்கவில்லை.

பதில்: தம்பி, கடைசி மூன்று வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். போகும்போது லோடு, வரும்போது காலி. அதையும் பட்டை ஏற்றியதையும் சேர்த்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஷாஃப்ட் வாங்க வேண்டாம், வண்டியையும் விற்க வேண்டாம். அவசரப்பட்டுப் பட்டையைக் கழற்றவும் வேண்டாம். முதலில் அளந்துவிடுவோம்.

உதறல் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எது சுற்றும் வேகத்தில் உதறுகிறது என்பதுதான். வண்டியில் சுற்றுகிற சாமான் மூன்று வகை: எஞ்சின், ஷாஃப்ட், டயர். மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன. அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி, தரையைத் தொடும் இடத்தில் பின் டயரிலும் நேர் கீழே தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஷாஃப்ட்டிலும் ஒரு கோடு. இரண்டு பேர் மெதுவாகத் தள்ளட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று குனிந்து ஷாஃப்ட்டை எண்ணுங்கள். டயர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்று சொச்சம் போயிருக்கும். வண்டி நகர்ந்த தூரத்தை டேப் வைத்து அளந்தால் அதுதான் டயரின் சுற்றளவு, ஏறத்தாழ 2.2 மீட்டர் வரும்.

இப்போது கணக்கு. 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் டயர் விநாடிக்கு ஏழரைச் சுற்று, ஷாஃப்ட் 30 சுற்றுக்கு மேல். விநாடிக்கு ஏழெட்டு அடி என்றால் உடம்புக்குத் தனித்தனியாகத் தெரியும். சீட்டில் தூக்கித் தூக்கிப் போடும், டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில் குதிக்கும். 30, 60 என்று போனால் எண்ண முடியாது. கால் மரத்துப்போகிற மாதிரி, மாவு மில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், கண்ணாடியில் உருவம் மங்கும். நீங்கள் எழுதியது இந்த இரண்டாவது வகை. ஸ்டீயரிங்கும் ஆடவில்லை. எனவே டயரை விட்டுவிடலாம். பேலன்ஸுக்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்ல மாட்டேன், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

கிளட்ச் பிளேட்டுக்குக் கொடுத்த காசு வீண். நியூட்ரலில் உருளும்போது எஞ்சின் ஐடிலில் இருக்கிறது, வண்டி 60-இல் ஓடுகிறது, உதறல் அப்படியே இருக்கிறது. அப்புறம் எஞ்சின் பக்கமோ கிளட்ச் பக்கமோ போக என்ன காரணம்? இந்தச் சோதனையைப் பிளேட் மாற்றும் முன்பு செய்தீர்களா, பின்பா என்று எழுதவில்லை. பின்பு என்றுதான் நினைக்கிறேன். மெக்கானிக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நாலாவது கியர் பொதுவாக நேரடி கியர். எஞ்சின் எத்தனை சுற்றோ ஷாஃப்ட்டும் அத்தனை சுற்று. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. கிராஸ் கோளாறும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் அடிக்கும். நாலாவது கியரில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளம், காதுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அதே 60-இல் ஐந்தாவதுக்கு மாற்றிப் பார், நியூட்ரலில் விட்டுப் பார் என்கிறோம். கியர் மாறியும் தாளம் மாறாவிட்டால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். நியூட்ரலில் உருட்டும்போது எஞ்சினை மட்டும் ஆஃப் செய்துவிடாதீர்கள். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

சரி, ஷாஃப்ட்டுக்கு வந்துவிட்டோம். இனி லோடு விஷயம்.

ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, அதில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் தகடு விழுந்திருந்தாலோ, கழற்றி மாட்டும்போது, ஷாஃப்ட் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்ப்லைனில் பல் மாறிப்போயிருந்தாலோ, லோடு இருந்தாலும் காலியாக இருந்தாலும் உதறும். லோடு ஏறினால் வண்டி கொஞ்சம் அமுங்கி ஓடும், உதறல் சற்றுக் குறைந்த மாதிரி இருக்கலாம், ஆனால் காணாமல் போகாது. உங்கள் வண்டியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி பாலக்காடு வரை தெரியவில்லை, திரும்பும்போது மட்டும் தெரிகிறது. லோடு இறங்கினால் ஷாஃப்ட்டுக்கு என்ன மாறுகிறது? எடை மாறுவதில்லை, நீளமும் பெரிதாக மாறுவதில்லை. கோணம் மாறுகிறது. பட்டை நிமிர்ந்து பாடி மேலே ஏறுகிறது, பின் ஆக்ஸில் ஹவுசிங் கீழேயே இருக்கிறது, நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அதிகமாகச் சரிகிறது. நீங்கள் இரண்டு பட்டை ஏற்றியதால் காலி வண்டியின் பின்பக்கம் கம்பெனி வைத்த உயரத்தைவிட மேலே நிற்கிறது. லோடு போட்டால் பழைய உயரத்துக்கு வருகிறது, உதறலும் போய்விடுகிறது.

கிராஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் போகும். நம் பட்டறையில் கிராஸ் என்பதைப் புத்தகத்தில் ஹூக் ஜாயிண்ட் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங்குக்கு ஹூக் விதி என்று படித்தோமே, அதே ராபர்ட் ஹூக், 17-ஆம் நூற்றாண்டுக்காரர். உங்கள் வண்டியில் பட்டையும் கிராஸும் சேர்ந்து படுத்துவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். இந்தத் தள்ளாட்டத்தை அடக்கத்தான் ஷாஃப்ட்டின் அடுத்த முனையில் இன்னொரு கிராஸ். ஒன்று முந்தும்போது மற்றது பிந்தி, கணக்குச் சரியாகிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக் காதுகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். இரு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தாலும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் மட்டும் முந்திப் பிந்திச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கோணம் சின்னதாக இருந்தால் அது நமக்குத் தெரியாது. ஆனால் கோணம் இரட்டித்தால் அந்தக் குலுக்கல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. வேகம் இரட்டித்தாலும் நாலு மடங்கு. 40-இல் சும்மா இருந்த வண்டி 60-இல் கத்துவது இதனால்தான்.

புது கிராஸ் போட்டதும் பத்து நாள் நன்றாக இருந்ததும் இதில் அடங்கும். புது கிராஸில் துளி பிளே இருக்காது, இறுக்கமாக இருக்கும், புது சி.ஜே. ரப்பரும் அதிர்வை விழுங்கும். அந்தக் கோணத்திலேயே பத்து நாள் ஓடியதும் ரப்பர் தளர்ந்திருக்கும், கிராஸும் பழகியிருக்கும். இந்தக் கோணத்தை விட்டுவைத்தால் இன்னும் இரண்டு செட் கிராஸ் வாங்குவீர்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். போனில் கோணம் காட்டும் ஆப் இருக்கிறது, அதுவே போதும். கொத்தனாரிடம் கோணம் காட்டுகிற ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. வண்டி காலியாக, சமதளத்தில், தன் சக்கரத்திலேயே நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் பட்டை தொங்கி எல்லாக் கோணமும் பொய்யாகிவிடும். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டுக் கீழே போங்கள். ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்த சேறு அப்பியிருந்தால் அதுவே உதறும். சுரண்டும்போதே பேலன்ஸ் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெல்டு தழும்பு மட்டும் இருந்து தகடு இல்லை என்றால் அது வேறு கதை, அப்போது லேத்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

நாலு அளவு எடுங்கள். முதலாவது, கியர்பாக்ஸிலிருந்து சி.ஜே. வரை வரும் முன் ஷாஃப்ட்டின் சரிவு. இரண்டாவது, சி.ஜே.யிலிருந்து ஹவுசிங் வரை போகும் பின் ஷாஃப்ட்டின் சரிவு. மூன்றாவது, ஹவுசிங்கில் ஷாஃப்ட் போய்ச் சேரும் பினியனின் சரிவு. ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃப்ளாஞ்சின் கடைந்த முகத்தில் போனை நிமிர்த்தி வைத்தால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான். நாலாவது கியர்பாக்ஸ் ஃப்ளாஞ்ச், அதே முறையில். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை வைத்து எடுங்கள், போன் லேசாக ஏமாற்றும். எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டும் ஒரே பக்கம் சரிந்தால் கழிக்க வேண்டும், எதிர்ப் பக்கம் என்றால் கூட்ட வேண்டும்.

முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் நடு கிராஸின் கோணம். பின் ஷாஃப்ட்டுக்கும் பினியனுக்கும் உள்ள வித்தியாசம் பின் கிராஸின் கோணம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும், இரண்டுமே மூன்று டிகிரியை ஒட்டி இருந்தால் நிம்மதி. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு டிகிரி சுமார் போதும். முழு நேர்க்கோடாகவும் இருக்கக் கூடாது. அரை டிகிரியாவது இருந்தால்தான் கிராஸுக்குள் ஊசி மாதிரி இருக்கும் நீடில் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று குழி போட்டுவிடும். உங்களைப் போலவே பட்டை ஏற்றிய ஒரு பிக்கப் என் பட்டறைக்கு வந்தபோது நடு கிராஸில் 6 டிகிரி, பின் கிராஸில் 8 டிகிரி இருந்தது. அந்த ஓனரும் இரண்டு செட் கிராஸ் மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அளந்த பிறகு ஒரு டிரிப்பில் இதையும் செய்யுங்கள். பாலக்காட்டில் இரண்டு கடைக்கு இறக்குவதாக இருந்தால், முதல் கடையில் பாதி இறக்கியதும் அடுத்த கடைக்குப் போகும் வழியில் ரோடு இடம் கொடுத்தால் 60 வரை ஓட்டிப் பாருங்கள். பாதி லோடில் லேசாக, காலியில் அதிகமாக என்று படிப்படியாக வந்தால் கோணம்தான், சந்தேகமே வேண்டாம்.

அப்படி இல்லாமல் எல்லா லோடிலும் ஒரே மாதிரி உதறினால், கிராஸ் மாற்றியவர் ஸ்ப்லைனைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டியிருக்கலாம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. தொழில் கற்ற புதிதில் ஒரு லாரியின் ஷாஃப்ட்டைக் குறி போடாமல் இழுத்துவிட்டேன். மாட்டிக் கொடுத்தேன். டிரைவர் மூன்று முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறை மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, ஒரு முனையின் யோக் காது தரையோடு படியும்படி காலால் உருட்டி நிறுத்தினார். அடுத்த முனையின் காது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பல் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வெள்ளை பெயின்ட் டப்பா என் டூல் பாக்ஸில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு பொட்டு வைக்காமல் எந்த ஷாஃப்ட்டையும் பிரிப்பதில்லை. உங்கள் ஷாஃப்ட்டையும் கழற்றும்போது இப்படித் தரையில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கழற்றியிருக்கும்போதே கிராஸைக் கையால் எல்லாப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். கல்லில் மாட்டிய மாதிரி ஓரிடத்தில் நிற்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் இறுகவும் கூடாது. கிராஸின் நாலு முனையிலும் இருக்கும் கப்பின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். கப்பைத் தட்டி ஏற்றும்போது ஒரு நீடில் சாய்ந்து அடியில் விழுந்துவிடுவதும் உண்டு. அப்போது கப்பைப் பூட்டும் சர்க்கிளிப் முழுசாக உட்காராது. சர்க்கிளிப் நாலும் பள்ளத்தில் விழுந்திருக்கின்றனவா என்று ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பாருங்கள். பினியன் ஃப்ளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் பினியன் பேரிங். சுற்றுவாட்டில் சற்று லொடலொடப்பது கிரவுன் பினியன் பல் இடைவெளி, அது பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அளவில் கோணம்தான் என்று உறுதியானால், நான் செய்யச் சொல்வது பட்டையைத்தான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு பட்டையிலேயே சரியாகிவிடக் கூடும். சீசனில் அந்த பலம் வேண்டும் என்றால், கூடுதல் பட்டையை மெயின் செட்டோடு சேர்த்துக் கட்டாமல், மேலே தனியாக ஹெல்பராக வையுங்கள். சேஸில் இரண்டு பிராக்கெட் இருக்கும், பாடி அமுங்கினால் மட்டும் ஹெல்பர் போய் அதில் உட்காரும். காலியில் அது எதையும் தூக்காது. பட்டை வேலை செய்பவரிடம் ஹெல்பர் பட்டை என்றாலே தெரியும். நடுவில் ஒரு விஷயம்: பட்டை கூடினால் வண்டி கூடுதல் எடையைத் தாங்கி நிற்கும், ஆனால் பிரேக்கும் ஆக்ஸிலும் டயரும் பழையபடியேதான் இருக்கின்றன. ஆர்.சி.யில் போட்டிருக்கும் லோடு எடையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்.

உயரம் சரியாகியும் பின் கிராஸ் மட்டும் நடு கிராஸோடு ஒத்துப்போகவில்லை என்றால் பினியன் மூக்கைத் திருப்ப வேண்டும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்த தகடு வைப்பார்கள். இரும்புத் தகடாகப் போடுங்கள், அலுமினியம் நசுங்கும். சென்டர் போல்ட் தலை அதன் ஓட்டையில் முழுதாக உட்கார வேண்டும். ஆப்பு வைத்தால் உயரம் குறையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பட்டை அப்படியே இருக்க ஆப்பை மட்டும் வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சி.ஜே. பிராக்கெட்டுக்கு அடியில் தடித்த வாஷர் வைத்து இறக்குவது இன்னொரு வழி. பின் ஷாஃப்ட்டின் சரிவு குறையும், ஆனால் முன் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

புது ஷாஃப்ட் எப்போது வேண்டும்? ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்றும்போது நடுவில் அரை, முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், அல்லது ஸ்ப்லைனைக் கையால் மேலும் கீழும் ஆட்ட முடிந்தால். இந்த இரண்டும் இல்லாமல் யாராவது ஷாஃப்ட் மாற்று என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை காலியில் 50-க்குள் ஓட்டுங்கள். இது பயமுறுத்தல் இல்லை. உதறலில் கிராஸ் போல்ட் தளர்ந்து ஷாஃப்ட்டின் முன் முனை கழன்று விழுந்தால் அது ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். போல்ட் எல்லாவற்றையும் நாளைக்கே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட்டுக்குக் கீழே பாதுகாப்பு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், எத்தனையோ வண்டியில் கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர்கள் திருப்பி மாட்டுவதில்லை.

பட்டை வேலை முடிந்து 200 கி.மீ. ஓடியதும் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டின் நட்டை மறுபடி முடுக்குங்கள். புதிதாகக் கட்டிய பட்டை படிந்து உட்காரும்போது நட் தளரும். கிரீஸ் அடிக்கும்போது ஒரு கப்பில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். எடுத்த நாலு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். இப்போது பின்பக்கம் மொத்தம் எத்தனை பட்டை இருக்கிறது என்றும் எண்ணிச் சொல்லுங்கள், ஒன்றை எடுப்பதா இரண்டையும் எடுப்பதா என்று சொல்கிறேன்.